காலையில் கிளம்பாத ஜீப்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். அவருடைய வண்டி பழைய டீசல் ஜீப். மார்கழி பிறந்தது முதல் அது விடியற்காலையில் கிளம்ப மறுக்கிறதாம். பட்டறைக்காரர் ஒருவர் பேட்டரி என்கிறார். மற்றொருவர் பம்ப் என்கிறார். மூன்றாமவரோ எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். எதை முதலில் பார்ப்பது என்பது அன்பரின் வினா. அதுவரையில் சரிவில் உருட்டிவிட்டுக் கிளப்பி வருவதாகவும், அதில் பிழை ஒன்றும் இல்லையே என்றும் கேட்டிருக்கிறார். நெல்லியாம்பதியில் காய்கறி ஏற்றும் பழைய பிக்கப் வைத்திருக்கும் மற்றோர் அன்பரும் ஏறக்குறைய இதையே கேட்டுள்ளார். ஆகவே இத்திங்கள் இப்பகுதியை இவ்விருவருக்கும் ஒதுக்கினோம். முதல் வினா வண்டியைப் பற்றியது. இரண்டாவது உயிரைப் பற்றியது. இரண்டிற்கும் விடை கூறுவோம்.

இரயில்வே எழுத்தருக்கு ஜீப்பைப் பற்றி எழுத என்ன உரிமை என்று சிலர் நகைக்கக்கூடும். இடுக்கி மாவட்டத்தில் இரயில் இல்லாமையே அந்த உரிமையை நமக்குத் தருகிறது என்போம்! ஒரு காலத்தில் அங்கும் இருந்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டனர்; 1908-இல் அது சிறிய இருப்புப் பாதையாக மாறியது; 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதை வாரிக்கொண்டு போயிற்று. பிறகு எவரும் அதைக் கட்டவில்லை. இந்தப் பக்கம் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரையிலான பாதை அகலப் பாதையாக மாற்றுவதற்கென்று 2010-இன் இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூன் திங்களில்தான் போடி வரை மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விரயிலும் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டையூசி வளைவுகளிலும், குமுளி, கம்பமெட்டு ஏற்றங்களிலும் மக்களைச் சுமப்பவை பேருந்தும் ஜீப்புமே. பேருந்து செல்லாத தோட்டப் பாதைகளுக்கு ஜீப் ஒன்றே கதி.

ஏலக்காய் ஒரே நாளில் பழுத்து முடியும் பயிர் அன்று. ஆடி, ஆவணியில் தொடங்கி மாசி வரை சுற்றுச் சுற்றாகப் பறிக்க வேண்டும். அந்நாட்களில் கம்பம், கூடலூர், போடிப் பகுதிப் பெண்கள் நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்திலேயே எழுந்து, சோறு வடித்துத் தூக்குச்சட்டியில் அடைத்து, இருட்டோடு தெருமுனையில் வந்து நிற்கின்றனர். ஒரு வண்டி கிளம்பாவிடில் பத்துப் பன்னிரண்டு வீடுகளின் அன்றைய கூலி போயிற்று. ஒரு மணி நேரம் பிந்திக் கிளம்பினாலோ, அந்த ஒரு மணியை வளைவுகளில் ஈடுகட்ட ஓட்டுநர் விரைகிறார். கிளம்பாத வண்டி என்பது ஓட்டுநர் ஒருவரின் தலைவலி மட்டும் அன்று என்பதைச் சொல்லவே இவ்வளவும் கூறினோம்.

இனி எஞ்சினுக்கு வருவோம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று பழுக்கக் காய்கிறது. அச்சமயம் நாசில் வழியே மூடுபனி போலப் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கண்டிருப்பீர்கள். அதே இயற்கை விதிதான். ஆகவே டீசல் வண்டி கிளம்ப மூன்று வேண்டும்: எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும், காற்று போதிய சூடு ஏற வேண்டும். பட்டறைக்காரர் மூவரும் கூறியவை இம்மூன்றே. மூவரும் பொய் சொல்லவில்லை; ஆனால் வண்டியைக் கேளாமல் சொன்னார்கள்.

வண்டியை எவ்வாறு கேட்பது? சாவியைத் திருப்பும்போது முதலில் காதால் கேளுங்கள். பிறகு வேறொருவரைச் சாவியருகே அமர்த்திவிட்டுப் பின்னால் சென்று புகைக்குழாயைப் பாருங்கள். இவ்விரண்டைச் செய்யுமுன் எந்த நட்டையும் கழற்ற வேண்டா.

காதில் விழுவது என்ன? 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டு எஞ்சின் அசையாவிடில், அல்லது 'ஊ... ஊ...' என்று நோயாளியைப் போல மெல்லச் சுற்றினால், டீசல் பம்பின் மேல் பழி போடுவது வீண். முகப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரியில் சக்தியில்லை, அல்லது பேட்டரி முனைகளில் பிடிப்பில்லை. விளக்கு மங்காமல் பளிச்சென்று எரிய, எஞ்சினும் அசையாவிடில் கோளாறு சாவி சுவிட்சிலோ, செல்ஃப் மோட்டாரிலோ, அதன் மேலுள்ள சாலினாய்டிலோ இருக்கிறது. மோட்டார் மட்டும் சுழலும் ஓசை வந்து எஞ்சின் சுற்றாவிடில் செல்ஃபின் பல்சக்கரம் பிடிக்கவில்லை என்று பொருள். இவை பட்டறை வேலை.

பத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி பேட்டரிப் பக்கமே என்பது பழகிய மெக்கானிக்குகள் பலர் கூற நாம் கேட்டது. பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைப் பாருங்கள். அது மின்சாரத்திற்குப் போடப்பட்ட தடுப்புச் சுவர். சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதை இறுதியிலும் கையாள வேண்டும். ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்காது. பேட்டரியிலிருந்து வெளிவரும் வாயு வெடிக்கக் கூடியது. பீடியை அணைத்துவிட்டுக் குனியுங்கள். எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மழையிலும் சேற்றிலும் துருவேறி அது பாதி அறுந்திருக்கும். நல்ல பேட்டரியைக்கூடக் கெட்டதாகக் காட்டும்.

சிறிய மீட்டர் ஒன்று இன்று எந்த மின்சாதனக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் விடியற்காலை பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் இருப்பது நிறைவு. 12.2 என்றால் பாதி வயிறு. 12-க்கும் கீழே என்றால் பட்டினி. சாவியைத் திருப்பிச் சுற்றும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால், பேட்டரியைச் சார்ஜ் போட்டு மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்க. வண்டி ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிடில் ஃபேன் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும்.

மார்கழி முதல் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? பேட்டரி என்பது ஈயத்திற்கும் அமிலத்திற்கும் இடையே நடக்கும் இரசாயன வேலை. குளிர்ந்தால் அவ்வேலை மந்தமாகிறது. உறைபனி விழும் அளவு குளிரில், வெயிற்காலச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். மூணாற்றில் தை மாதத்து விடியலில் புல்லின் மேல் வெண்பனி படிவதை அங்குள்ள நேயர்கள் அறிவர். அதே குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிச் சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கிறது. மேலும், 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நெருக்குவதற்குக் காற்றே குறைவாக இருந்தால் சூடும் குறையும். கம்பத்தில் இரவு நிற்கும் வண்டிக்கு இம்மூன்றும் அவ்வளவாக இல்லை. மேலே தோட்டத்தில் இரவு தங்கும் வண்டிக்கு மூன்றும் உண்டு. அடிவாரத்தில் நன்றாகக் கிளம்பிய வண்டி மலை மேல் மறுப்பதில் மாயம் ஏதும் இல்லை.

இனிக் கண்ணால் பார்ப்பது. எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆயினும் பற்றவில்லை. புகைக்குழாயில் என்ன வருகிறது? வெண்புகை வந்தால் டீசல் உள்ளே வந்துவிட்டது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர் பாதி மெக்கானிக் ஆகிவிட்டார்.

புகையே இல்லாத வண்டிக்கு வருவோம். முதலில் எஞ்சினை அணைக்கும் குமிழியைப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் அதை இழுத்தால் டீசல் நிற்கும். இழுத்தபடியே விட்டாலோ, அதன் கம்பி துருவேறித் திரும்பாமல் நின்றாலோ, விடியும்வரை சுற்றினாலும் பயனில்லை. சற்றுப் பிந்திய வண்டிகளில் இதே வேலையைப் பம்பின் மேலுள்ள மின்சார வால்வு செய்கிறது. சாவியைப் போட்டதும் அதில் 'டிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். பின்பு டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வையுங்கள். மழைக்காலத்தில் அடியில் தெளிந்து நிற்கும் நீரைக் கண்டு வியப்பீர்கள்.

இவையெல்லாம் சரியென்றால் டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. டீசலை அழுத்தினால் அது நகரும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், நாசில் திறவாது. இதற்கு வைத்தியம் காற்று எடுத்தல். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரையும் குமிழியும் வரும். குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். அதன் பின்னும் கிளம்பாவிடில் நாசில்களுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அப்போது முகத்தையும் கையையும் விலக்கி வைத்திருங்கள். அக்குழாயின் அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் செலுத்த வல்லது. துளை ஊசிமுனை அளவே இருக்கும். அதனால் அலட்சியம் செய்வர். பிறகு கையையே இழக்க நேரிடும். அவ்வாறு குத்திவிட்டால் வலியில்லை என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் அன்பருக்கு இங்கே ஒரு சோதனை கூறுவோம். ஓர் இரவு வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்க்கவும், மறு இரவு ஏற்றத்தைப் பார்க்கவும் நிறுத்திப் பாருங்கள். மூக்கு மேலே இருந்த மறுநாள் மட்டும் புகையின்றிச் சுற்றினால், எங்கோ ஒரு பழைய இரப்பர்க் குழாயோ வாஷரோ காற்றை உள்ளே விட, டீசல் இரவோடு டாங்கிற்குத் திரும்பிவிடுகிறது என்று அறியலாம். சில ரூபாய் வாஷருக்காக எஞ்சினை இறக்கியவர்களும் உண்டு.

வெண்புகை வரும் வண்டி எனில் சூட்டுக் குறைவு. 1980-களிலிருந்து மகிந்திரா ஜீப்புகளில் வந்த பியூஜோ வகை டீசல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. சாவியை ஹீட்டரில் வைத்துக் கால் நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரத்தில் நம்மவர் பொறுப்பதில்லை! பொறுத்தும் பற்றாவிடில் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கம்பியைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வைத்துப் பாருங்கள். பல்பு எரிந்தால் பிளக் உயிரோடிருக்கிறது. எரியாவிடில் அது செத்தது. நான்கில் இரண்டு செத்திருந்தாலே குளிர்காலத்தில் தொல்லைதான். வேறு சில எஞ்சின்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால் ஹீட்டரே இராது. ஆகவே முதலில் நம் வண்டி எவ்வகை என்று அறிந்துகொள்ள வேண்டும்.

ஹீட்டரும் நன்று, பேட்டரியும் நன்று, டீசலும் வருகிறது, ஆயினும் காலையில் மட்டும் மறுக்கிறது, ஓடும்போது நீலப்புகை விடுகிறது, எஞ்சின் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது என்றால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. மூன்றாவது பட்டறைக்காரரின் பேச்சை அப்போது கேட்கலாம். அதற்கு முன் வேண்டா.

செய்யத்தகாதவை சில. செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டா. ஒரு நிமிடம் ஆறவிட்டு மீண்டும் அடிக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் துணியைக் கொளுத்திக் காட்டும் வழக்கம் மலைப்பகுதியில் இன்னும் இருக்கிறது. கசிந்த டீசலுக்கும் எண்ணெய்க்கும் நடுவே தீ மூட்டுபவர் வண்டியை இழக்க அணியமாக இருக்க வேண்டும். காற்றுக் குழாயில் ஈதர் தெளிப்பானை அடிப்பதும், ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், வெடியைத் திரி கிள்ளாமல் அடுப்பில் போடுவதை ஒக்கும். அடுத்த வண்டியிலிருந்து மின்சாரம் வாங்குவதானால் பிளஸ்ஸோடு பிளஸ்ஸை முதலில் இணையுங்கள். பிறகு நல்ல பேட்டரியின் மைனஸை நம் எஞ்சினின் இரும்பில், பேட்டரிக்குச் சற்றுத் தொலைவில் இணையுங்கள்.

இனி இரண்டாம் வினா. சமதரையில், பகலில், ஆளில்லாத வண்டியை நால்வர் பின்னின்று தள்ள, சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுக் கிளப்புவது பழைய டீசல் வண்டிக்குப் பழுதன்று. செத்த வண்டியைப் பட்டறை வரை கொண்டு செல்ல அது உதவும். ஆனால் அன்பர் செய்வது அதுவன்று. இரவில் சரிவில் நிறுத்தி, விடியலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, இறக்கத்தில் உருட்டுகிறார். கிளட்சு மிதிபட்டிருக்கும்வரை எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக்கிற்குப் பூஸ்டர் உள்ள வண்டிகளில், அதற்கு வேண்டிய வெற்றிடம் ஓடும் எஞ்சினிலிருந்தே வருகிறது. எஞ்சின் நின்றிருந்தால் ஓரிரு முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். பேட்டரி செத்திருப்பதால் விளக்கு மங்கல், ஹாரன் ஊமை, எதிரே மூடுபனி. ஈரச்சாலையில் கிளட்சை வெடுக்கென்று விட்டால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பும். அப்பக்கம் சுவரா பள்ளமா என்பதை விதிக்கு விட்டுவிடுகிறோம்.

இரயில்வேயில் ஒரு விதி உண்டு. புறப்படும் முன் பிரேக் சோதனை முடியாமல் வண்டி நகராது, பிந்தினாலும் நகராது. பயணிகள் முணுமுணுப்பார்கள், நிலைய அதிகாரியைத் திட்டவும் செய்வார்கள். எஞ்சின் நின்றிருக்க ஆயிரம் பேரைச் சரிவில் உருட்டிக் கிளப்பலாம் என்று சொல்பவரை எவரும் பொறுக்கமாட்டார். பன்னிரண்டு பேர் என்றால் மட்டும் பொறுப்பது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. உருட்டித்தான் கிளப்ப முடியும் என்ற நிலையிலுள்ள வண்டி, பழுது நீங்கும்வரை, ஆள் ஏற்றத் தகாத வண்டி என்பது நம் துணிபு.

ஓட்டும் அன்பர் பலர் உரிமையாளர் அல்லர் என்பதை மறந்து இதை எழுதவில்லை. உரிமையாளர் ஊரில் இருப்பார். பேட்டரி கேட்டால் அடுத்த மாதம் என்பார். கிளம்பாவிட்டால் ஏச்சு ஓட்டுநருக்கு. புதுப் பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு நாள் வண்டி நின்றால் அத்தனை பேருக்கும் போகும் கூலியைக் கூட்டிப் பாருங்கள். இரண்டொரு நாளிலேயே அத்தொகை வந்துவிடும். இக்கணக்கை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் காட்டுமாறு அன்பரைக் கேட்டுக்கொள்கிறோம். ஏறிச் செல்லும் தாய்மார்களுக்கும் ஒன்று: வண்டியை உருட்டும்போது உள்ளே அமராதீர்கள். இறங்கி நில்லுங்கள், எஞ்சின் ஓடி, ஓட்டுநர் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்த பின் ஏறுங்கள். ஐந்து நிமிடம் பிந்தலாம். கங்காணியிடம் அதற்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நெல்லியாம்பதி அன்பர் தம் பிக்கப் சுற்றும்போது புகை வருகிறதா என்பதை எழுதவில்லை. அதை மட்டும் பார்த்து எழுதினால் மேற்கொண்டு கூறுவோம். அடுத்த திங்கள் மலையிறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போவதைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம். அது குறித்து வினா உள்ளவர்கள் இருபதாம் தேதிக்குள் சங்க முகவரிக்கு எழுதுக.